மார்த்தாண்டத்து ஓ.இ.டி வகுப்பு: ‘மஸ்ட்’டும் ‘ஷுட்’டும் தெளிய வேண்டுமென்றால் இங்கே போங்கள்

கருங்கல், தக்கலை, குலசேகரம் பக்கமிருந்து பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக ஓ.இ.டி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற நர்ஸ் பிள்ளைகள் “எந்த கிளாஸ்ல சேரணும் அக்கா” என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது மார்த்தாண்டம் மேம்பாலத்துப் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடக்கிற சின்ன வகுப்பைத்தான். பெயர்ப்பலகை கிடையாது. டீச்சர் தன் பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. ஒரு பேட்சில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அவர் சேர்ப்பதில்லை, கூட்டம் வந்தால் ஒவ்வொருவரையும் பேச வைக்க முடியாது என்கிறார். பாலத்தடியில் நிற்கிற ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

வகுப்பைப் பற்றி முழுக்க எழுதுவதைவிட, அங்கே மிக நன்றாகச் சொல்லித் தருகிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ‘செய்ய வேண்டும்’, ‘செய்தாக வேண்டும்’, ‘செய்திருக்க வேண்டும்’, ‘செய்ய வேண்டியதில்லை’ என்று நாம் தமிழில் யோசிக்காமலே சொல்கிற இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது. கேட்க சின்ன இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நர்ஸின் வேலையில் பாதி இந்தப் பேச்சுதான்.

ஓ.இ.டி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்: அது 12 மருத்துவத் துறைகளில் இருப்பவர்களுக்காக நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வு. கேட்பதும் வாசிப்பதும் எல்லாத் துறைக்கும் பொது, எழுதுவதும் பேசுவதும் அவரவர் வேலையை வைத்து வரும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்கிற அமைப்பான என்.எம்.சி கேட்கிற மதிப்பெண் கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் 350, எழுத்தில் 300. பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்பிளே, அதாவது வார்டில் நடக்கிற மாதிரி நடித்துப் பேசுவது, உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம், அதற்கு முன்னால் சூழ்நிலை எழுதிய கார்டைப் படிக்க 3 நிமிடம் கிடைக்கும். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ பேசுவார். இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் மட்டுமில்லை, நோயாளியோடு எப்படிப் பழகினோம், அவருடைய கவலையைக் காது கொடுத்துக் கேட்டோமா என்பதற்கும் தனியாக மதிப்பெண் இருக்கிறது. நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலம் நன்றாகவே வரும், எல்லா நோயாளியிடமும் “யூ மஸ்ட், யூ மஸ்ட்” என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

இதற்கு முன்னால் நான் படித்த ஒரு பெரிய மையத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதில் மஸ்ட் என்றால் கட்டாயம் வேண்டும், ஹேவ் டு என்றால் வேண்டும், ஷுட் என்றால் வேண்டும், ஆட் டு என்றாலும் வேண்டும், நீட் டு என்றாலும் வேண்டும். எல்லாம் ‘வேண்டும்’ என்றால் எதை எங்கே எடுப்பது? கேட்டால் “பழக்கத்தில் வந்துவிடும்” என்றார்கள். டியூட்டி முடிந்து களைத்துப்போய் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம், அதுவும் பாதிப் பேர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கும்போது, இப்படிச் சொல்வது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

மார்த்தாண்டத்து டீச்சர் பல வருடம் வெளிநாட்டு மருத்துவமனையில் வார்டு பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் தாள் எதுவும் கொடுக்கவில்லை. முதல் வகுப்பில் போர்டில் தமிழில் நான்கு வாக்கியம் எழுதினார்.

நீ இன்னைக்கு வரணும்.
இன்னைக்கு வந்தே ஆகணும்.
இன்னைக்கு வர வேண்டியிருக்கு.
இன்னைக்கு வர வேண்டியவரு, காணல்ல.

“இந்த நாலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இங்க உண்டா?” என்று கேட்டார். யாரும் இல்லை. “அப்போ பாடம் பாதி முடிஞ்சு மக்களே” என்றார். ஆங்கிலத்தில் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த வித்தியாசங்களை அங்கே எந்தச் சொல் தாங்குகிறது என்று கண்டுபிடித்தால் போதும் என்பதுதான் அவருடைய வழி. அதற்கு அவர் சொல்லித்தந்த ஒரே கேள்வி, இந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பது. சொல்கிறவரிடமிருந்தா, வெளியே இருக்கிற ஒரு விதியிலிருந்தோ சூழ்நிலையிலிருந்தோ, அல்லது முன்பே பேசி வைத்த ஏற்பாட்டிலிருந்தா?

சொல்கிறவரே வற்புறுத்தினால் மஸ்ட். விதியோ சூழ்நிலையோ தள்ளினால், அதாவது நம் ‘வர வேண்டியிருக்கு’ மாதிரி இருந்தால், ஹேவ் டு. இப்படிச் செய்தால் நல்லது, இதுதான் சரி என்று ஆலோசனையாகச் சொன்னால் ஷுட். முன்கூட்டியே முடிவான ஏற்பாடு, எல்லாரும் எதிர்பார்க்கிற ஒன்று, அதாவது ‘வர வேண்டியவரு’ என்றால் பி சப்போஸ்டு டு. இது இரும்பு விதி இல்லை என்பதையும் அவரே சொல்கிறார். பேச்சு ஆங்கிலத்தில், முக்கியமாக அமெரிக்கர்கள் பேச்சில், மஸ்ட் வர வேண்டிய இடத்தில்கூட ஹேவ் டுதான் அதிகம் வரும், மஸ்ட் பெரும்பாலும் அறிவிப்புப் பலகைகளிலும் விதிமுறைகளிலும் தங்கிவிட்டது. அதனால்தான் ஒருவர் முகத்தைப் பார்த்து மஸ்ட் சொன்னால் பலகையில் எழுதியதை வாசித்துக் காட்டுகிற மாதிரி விறைப்பாகக் கேட்கிறது.

குளச்சலிலிருந்து வருகிற ஒரு தம்பி கேட்டான், “அப்போ பேஷண்ட்கிட்ட மஸ்ட் சொல்லவே கூடாதா டீச்சர்?”

“உயிருக்கு ஆபத்துன்னா சொல்லியே ஆகணும் மக்களே. சிகரெட்டை விடச் சொல்லும்போது அதைச் சொன்னா, அவரு காதை மூடிக்கிடுவாரு.”

இதை அவர் செய்து காட்டிய விதம் எனக்குப் பிடித்தது. நம் வார்டில் சிஸ்டர் ஒரு பாட்டாவிடம் “இனி பீடி குடிக்கக் கூடாது கேட்டீங்களா” என்று அதட்டினால் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்த அதட்டலில் ஒரு உரிமை இருக்கிறது, மகள் சொல்வது மாதிரி எடுத்துக்கொள்வார். பிரிட்டனில் நோயாளிக்கு அந்த உறவு நம்மோடு கிடையாது, முடிவு எடுக்க வேண்டியவர் அவர், நாம் தகவலும் ஆலோசனையும் தருகிறவர்கள். ஆகவே ‘யூ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்பதை விட்டுவிட்டு, விட்டால் அவருடைய காலில் இருக்கிற புண் ஆறுவதற்கு எப்படி உதவும் என்று முதலில் சொல்லி, ‘ஐ உட் ஸ்ட்ராங்லி அட்வைஸ் யூ’ என்று ஆரம்பிக்கச் சொல்கிறார். அதே நோயாளியிடம் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லும்போது ‘யூ ஹேவ் டு ஃபாஸ்ட் ஃபார் திஸ் டெஸ்ட்’ என்று தாராளமாகச் சொல்லலாம், அங்கே கேட்பது பரிசோதனை, நாம் இல்லை. ஒரே நோயாளி, ஒரே உரையாடல், இரண்டு விதமான கட்டாயம். இதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டதும் ரோல்பிளேயில் என் பேச்சே மாறிவிட்டது.

இதைவிட முக்கியமான பாடம் மறுத்துச் சொல்வது. மஸ்ட் நாட் என்றால் கூடாது, டோன்ட் ஹேவ் டு என்றால் தேவையில்லை. மஸ்ட்டும் ஹேவ் டுவும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்தாலும் மறுப்பில் இரண்டும் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகின்றன. தமிழ்க்காரர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் நம்முடைய ‘வேண்டாம்’. “ராத்திரி சாப்பிட வேண்டாம்” என்று நாம் சொன்னால் அது தடையும் ஆகலாம், விருப்பம்போல இருங்கள் என்பதும் ஆகலாம். சொல்கிற குரலும் இடமும் பொருளைத் தீர்மானிக்கும். அதே வேண்டாமை மனதில் வைத்து ஆங்கிலத்தில் ‘யூ டோன்ட் ஹேவ் டு ஈட் பிஃபோர் த சர்ஜரி’ என்று சொல்லிவிட்டால் நோயாளி என்ன புரிந்துகொள்வார்? சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதனால்தான் வழக்கமாகத் திட உணவுக்கு 6 மணி நேரமும் தண்ணீர் மாதிரித் தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரமும் இடைவெளி கேட்கிறார்கள். இங்கே மஸ்ட் நாட்தான் சொல்ல வேண்டும், இதில் மென்மை பார்க்கக் கூடாது. டீச்சர் இந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துவார். ‘கூடாது’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அது பொருந்தினால் மஸ்ட் நாட், ‘தேவையில்லை’ பொருந்தினால் டோன்ட் ஹேவ் டு, வேண்டாமை மட்டும் நம்பாதீர்கள் என்பார். இவ்வளவு எளிமையான ஒரு சோதனையை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் இறந்தகாலம். மஸ்ட் கட்டாயத்தைச் சொல்லும்போது அதற்கு இறந்தகால வடிவம் கிடையாது, ‘போக வேண்டியதாயிற்று’ என்றால் ஹேட் டு கோ. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எங்கள் பேட்ச் அதிக நேரம் செலவழித்தது ‘கொடுத்திருக்கணும்’ என்ற ஒரே சொல்லில்.

யோசித்துப் பாருங்கள். காலை ஷிஃப்டுக்கு வருகிறீர்கள், ஒரு நோயாளியின் ராத்திரி பத்து மணி ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்கிறீர்கள், ராத்திரி டியூட்டி சிஸ்டர் “கொடுத்திருக்கணும்” என்கிறார். கொடுத்திருப்பார்கள் என்று ஊகமாகவும் அது இருக்கலாம், கொடுத்திருக்க வேண்டியது, ஆனால் கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம். தமிழில் குரலை வைத்துப் புரிந்துகொள்வோம், புரியாவிட்டால் “கொடுத்தாச்சா இல்லியா” என்று திருப்பிக் கேட்போம். ஆங்கிலத்தில் இது இரண்டு வழியாகப் பிரிகிறது. ‘மஸ்ட் ஹேவ் பீன் கிவன்’ என்றால் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன் என்ற ஊகம். ‘ஷுட் ஹேவ் பீன் கிவன் அட் டென்’ என்றால் பெரும்பாலும் கொடுக்கவில்லை, கூடவே யார் மேலோ ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொள்கிறது. ‘வாஸ் சப்போஸ்டு டு பி கிவன்’ என்றாலும் கொடுக்கப்படவில்லை போலத்தான் கேட்கும், ஆனால் ஏற்பாடு அப்படி இருந்தது என்று சொல்வதோடு நின்றுவிடும். ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ் சொல்லப்போய் ஷுட் ஹேவ் என்று வாய் தவறினால், நடந்த வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடும். டோஸை மறுபடி கொடுத்துவிட்டால்?

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘பை நவ்’ என்று சேர்த்தால் ஷுட் ஹேவ் எதிர்பார்ப்பாகவும் மாறிவிடும். ‘தே ஷுட் ஹேவ் அரைவ்டு பை நவ்’ என்றால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். திருவட்டாறு சிஸ்டர் ஒருவர் இதை எடுத்துக்காட்டி, இப்படி இரண்டு பக்கமும் போகிற சொல்லை வைத்து, ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் விவரத்தை ஒப்படைக்கிற ஹேண்டோவரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். டீச்சரின் பதில்: “சார்ட்டைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. கொடுத்தா வாஸ் கிவன், கொடுக்கல்லன்னா வாஸ் நாட் கிவன். மருந்து விஷயத்துல ஷுட்டும் மஸ்ட்டும் எதுக்கு?” இலக்கணம் சொல்லித் தருகிறவர் இலக்கணத்தை எங்கே ஒதுக்கி வைப்பது என்றும் சொல்லித் தருகிறாரே, அதற்காகவே இந்த வகுப்பை நான் மதிக்கிறேன்.

எதிர்பார்ப்புக்கு ஷுட் எவ்வளவு பயன்படும் என்பதும் எனக்கு இங்கே வந்த பிறகுதான் முழுசாகப் பிடிபட்டது. ஸ்கேன் முடிவு எப்போது வரும் என்று நோயாளி கேட்டால் ‘வில்’ போட்டுச் சொன்னால் அது வாக்குக் கொடுத்த மாதிரி, நான்கு மணிக்கு வரவில்லை என்றால் நம்மைத்தான் கேட்பார். ‘இட் ஷுட் பி ரெடி பை ஃபோர்’ என்றால் வரும் என்று எதிர்பார்க்கிறோம், தாமதமும் ஆகலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. நம் “நாலு மணிக்கெல்லாம் வந்திரணும்” அப்படியே இதுதான்.

ஹேட் பெட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் பெட்டர் இருப்பதால் ‘செய்தால் நல்லது’ என்று பணிவாகச் சொல்வதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது மிரட்டலுக்குப் பக்கத்தில் நிற்கிற சொல், செய்யாவிட்டால் விளைவு இருக்கும் என்கிற தொனி. நோயாளியிடமோ மேலதிகாரியிடமோ வேண்டவே வேண்டாம். சப்போஸ்டு டுவில் எழுதும்போது கடைசி ‘டி’ எழுத்தை விட்டுவிடுகிற பழக்கமும் உண்டு, பேச்சில் அந்த ஒலி கரைந்துபோவதால் காதில் விழுந்தபடி எழுதிவிடுகிறோம். நீட் நாட் ஹேவ் (தேவையில்லாமலே செய்துவிட்டோம்), டிட் நாட் நீட் டு (செய்யத் தேவை இருக்கவில்லை) வித்தியாசத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார், தேர்வுக்கு அது போதும்.

எழுத்துப் பாடத்திலும் இதே விஷயம் வேறு உருவத்தில் வருகிறது. ஓ.இ.டியில் நர்ஸ் எழுத வேண்டியது பெரும்பாலும் ஒரு நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் கடிதம், 180 முதல் 200 சொல் அளவில், வாசிக்க 5 நிமிடமும் எழுத 40 நிமிடமும். கடிதத்தைப் பெறுகிறவர் சமூக நர்ஸாகவோ டாக்டராகவோ இருப்பார். அவருக்கு ‘யூ மஸ்ட் மானிட்டர் ஹெர் பிளட் பிரஷர்’ என்று எழுதினால் உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும். சப்போஸ்டு டு எழுதினால் பேச்சு வழக்காகிவிடும். அங்கே ‘ஷி ரிக்வயர்ஸ்’, ‘ஷி இஸ் டியூ ஃபார் ரிவ்யூ’, ‘இட் உட் பி அப்ரிஷியேட்டட் இஃப் யூ குட்’ போன்றவைதான் பொருந்தும். கட்டாயத்தை ஆளின் மேல் ஏற்றாமல் நோயாளியின் தேவையாக எழுதுங்கள் என்று டீச்சர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நான் எதிர்பார்க்காத ஒரு பாடமும் இருந்தது. வேலை ஒப்பந்தம் கையில் வைத்திருக்கிறவர்களைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ‘ஷல்’ வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட வைத்தார். சட்ட ஆங்கிலத்தில் ஷல் என்பது கடமை. நம் அரசமைப்புச் சட்டத்தில் 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்த்த குடிமக்களின் அடிப்படைக் கடமைகள், அந்த 51ஏ பிரிவு, ‘இட் ஷல் பி த டியூட்டி’ என்றுதான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் ‘த எம்ப்ளாயி ஷல்’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீங்கள் கட்டுப்படுகிறீர்கள், ‘த எம்ப்ளாயர் மே’ என்றால் அவர்கள் விரும்பினால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். பாதியில் வேலையை விட்டால் பணம் திருப்பிக் கட்டுவது, நோட்டீஸ் காலம், தங்குமிடம் எல்லாம் இந்தச் சின்னச் சொற்களில்தான் தொங்குகின்றன. எங்கள் பேட்சில் ஒரு பிள்ளை தங்குமிடம் நிச்சயம் என்று நம்பியிருந்தாள், பார்த்தால் அங்கே ‘மே’. அவள் அன்றைக்கே ஏஜென்டுக்கு மெயில் போட்டுத் தெளிவாக எழுதி வாங்கினாள். தேர்வுக்குச் சம்பந்தமே இல்லாத வகுப்பு இது, ஊரை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லித் தர ஒருவர் இருக்க வேண்டும்.

இனி குறைகள். வாசிப்புத் தேர்வுக்கு இங்கே பயிற்சி போதாது. முதல் பகுதியில் 15 நிமிடத்துக்குள் 20 கேள்விக்கு நான்கு சின்னப் பகுதிகளைப் புரட்டி விடை தேட வேண்டும், அதற்கு வேகம்தான் வேண்டும், வேகத்துக்கு நேரம் வைத்து மாக் டெஸ்ட் நிறைய எழுத வேண்டும், அது இங்கே குறைவு. வாசிப்பில் பின்தங்கியிருப்பவர்கள் ஆன்லைனில் தனியாகப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்த கடிதங்கள் திருத்தி வரத் தாமதமாகிறது, டீச்சர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார் என்பதால். திருத்தம் வந்தால் வரிக்கு வரி பச்சை மையில் இருக்கும், காத்திருந்ததற்குப் பலன் உண்டு, ஆனாலும் தேர்வுத் தேதி நெருங்கும்போது பதற்றமாகிறது. அறை சின்னது, சித்திரை வைகாசியில் மின்விசிறி போதவே போதாது. வண்டி நிறுத்த இடம் இல்லை, பஸ்ஸில் வருவது நல்லது. மாலை வகுப்பு மட்டும்தான், மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு வகுப்பை இழப்பார்கள். இழந்த வகுப்பின் பதிவு எதுவும் கிடைக்காது. இதை டீச்சரிடமே சொல்லியிருக்கிறேன், காலையில் ஒரு பேட்ச் ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறார்.

கட்டணம் பெரிய மையங்களில் கேட்பதில் பாதிகூட வராது, இரண்டு தவணையாகவும் கட்டலாம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடச் சேர்த்துப் பேச வராத நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பு வேகமாக இருக்கும், அவர்கள் முதலில் அடிப்படை வகுப்பு ஒன்று முடித்துவிட்டு வரலாம். ஓரளவு பேச வரும், ஆனால் பேசினால் அதிகாரமாகவோ கெஞ்சுவதாகவோ கேட்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் யோசிக்காமல் வாருங்கள். சேருவதற்கு முன் ஒரு நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார். முடிந்தால் ரோல்பிளே நடக்கிற நாளைக் கேட்டு அன்றைக்குப் போங்கள், வேலை ஒப்பந்தம் இருந்தால் அதில் ஒரு நகலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.